நான்காம் கட்டிலின் எட்டு

ஐந்தரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஏழு மணிக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியின் வலி தணிப்பு வார்டில் இருந்தான் செல்வக்குமார்.

சாகக் கிடப்பவர்களுக்கு ஆறுதல் சொல்வது அவன் வேலை. ஆறுதல் கிடைத்ததா என்று அளப்பதும் அவன் வேலைதான். நிம்மதிக்கு மார்க் கேட்டால் பாதிப் பேர் முழித்தார்கள். அதனால் மருந்து முக்காத தீக்குச்சி பத்தைக் கொடுப்பான். மனசு எவ்வளவு நிம்மதியோ அத்தனை குச்சியைத் தாளின் மேல் எடுத்து வைக்க வேண்டும்.

நான்காம் கட்டில் நேற்று வரை நாற்பது நாளாகக் காலியாக இருந்தது. அதில்தான் அவன் மனைவி கீர்த்திகா இருபத்தாறு வயதில் புற்றுநோயில் போனாள். கடைசிக் காலையில் அவளிடம் மட்டும் அவன் குச்சியை நீட்டவில்லை. என்ன வைப்பாளோ என்று பயம். தானாகவே எட்டு என்று எழுதிக்கொண்டு நகர்ந்தான். முதுகுக்குப் பின்னால் அவள் ஏதோ சொன்னாள். சரியாக விழவில்லை. நின்று கேட்கவும் இல்லை. மற்ற கட்டில்களை முடித்துத் திரும்பியபோது அவள் கை சில்லிட்டிருந்தது.

என்ன சொன்னாள்? நாற்பது நாளாக அவனுக்கு அது மட்டும்தான் தெரிய வேண்டும்.

நேற்று அந்தக் கட்டிலுக்கு அச்சங்குளத்திலிருந்து ராமுத்தாய் வந்திருந்தாள்.

"எம்புட்டு நிம்மதியா இருக்கு ஆத்தா? எடுத்து வைங்க." தாளை மெத்தையில் வைத்து, குச்சிகளை அதன் ஓரத்தில் போட்டான்.

"தீப்பெட்டி ஆபீசுல அம்பது வருசம் குச்சி அடுக்குனேன். சாகுறப்பயும் குச்சிதானா?" சிரித்து இருமினாள் கிழவி. "யாரக் கேக்கீக தம்பி? என்னையவா, கால்மாட்டுல உக்காந்திருக்காளே, அந்தப் புள்ளையவா?"

கால்மாட்டில் யாரும் இல்லை.

மெத்தை குழிந்திருந்தது.

டெட்டாலும் ஈரத்துணியும் கலந்த வாடை எழுந்தது. கீர்த்திகாவுக்கு அவன் உடம்பு துடைத்துவிட்ட வாடை.

"அவ... எத்தன வைக்கிறா?"

கிழவியின் இரண்டு கையும் போர்வைக்குள் இருந்தன. தாளின் ஓரத்தில் கிடந்த குச்சிகள் அசைந்தன. ஒவ்வொன்றாக உருண்டு தரையில் விழுந்தன.

பத்தும்.

"என்னமோ சொல்லுதா தம்பி. அன்னைக்கு நீங்க நிக்காமப் போயிட்டீகளாம்."

அவன் தாளை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். ராமுத்தாய் வாயைத் திறந்தாள். இருமல் இல்லை. வந்தது இருபத்தாறு வயதுக் குரல்.

"அந்தத் தாளக் கீழ வச்சிட்டு பக்கத்துல உக்காருங்க. பயமா இருக்கு."