நெடுந்தீவில் காணாமற்போன சொட்டு மருந்து

பிறிச்சைத் திறந்த மருத்துவமாது சரோஜினிதேவி அலறிவிட்டார். போலியோ சொட்டு மருந்து ஒரு குப்பிகூட இல்லை.

1986 ஆவணி. நெடுந்தீவு மருந்தகம். காலை ஏழு மணி.

வெளியே தாய்மார் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். அந்த நாளையில் மருந்தகத்துக்கு மின்சாரம் வரவில்லை. மண்ணெண்ணெயில் எரிந்து மருந்தைக் குளிராக வைத்திருக்கும் பிறிச்தான். அதன் நீலச் சுவாலையை எட்டிப் பார்க்கவென்றே பிள்ளைகள் சன்னலடியில் முண்டியடிப்பார்கள்.

மருந்து கொடுப்பதை மேற்பார்க்க வந்திருந்த சுகாதாரப் பரிசோதகர் தில்லைநாதன் கதவைப் பார்த்தார். பூட்டு உடையவில்லை. திறப்பு சரோஜினிதேவியிடமும் சிற்றூழியர் அம்புறோஸிடமும் மட்டுமே இருந்தது. அம்புறோஸை இன்னும் காணவில்லை.

"விடியப்புறம் பெட்டியோட கரைக்குப் போனவன். நான் கண்டனான்" என்றார் கடைக்கார அப்புத்துரை. "விக்கத்தான் கொண்டுபோறான்."

தில்லைநாதன் பிறிச்சுக்குள் கைவிட்டார். கீழே சுவாலை எரிந்தது. உள்ளேயோ வெக்கை. ஐஸ் பொதிகளும் இல்லை.

"மிஸி, காலமை முதல் வந்தது ஆர்?"

"நான்தான்."

"சுவாலை எரிஞ்சதோ?"

"ஓம்."

"ராத்திரி முழுக்க எரிஞ்சிருந்தா உள்ளுக்கு ஏன் இந்த வெக்கை? இப்பதான் ஆரோ கொளுத்தியிருக்கினம். விக்கிறவன் ஐஸையும் சேத்துக் காவமாட்டான். அம்புறோஸ் மருந்தைக் காப்பாத்தியிருக்கிறார். ராத்திரி எண்ணெய் இல்லாம நூந்திருக்கு, களவு போனது மண்ணெண்ணெய். எரிஞ்சதெண்டு மறைச்ச நீங்கள்தான் எடுத்தது."

சரோஜினிதேவி கதிரையில் இருந்துவிட்டார்.

"யோகம்மாவுக்கு ராத்திரிப் பிள்ளைப்பேறு. இரத்தம் நிக்கேல்லை. பெற்றோமக்ஸ் விளக்கு எண்ணெயில்லாம நூரப் பாத்துது, கடையும் பூட்டு. பிறிச்சில இருந்து எடுத்தனான். மிச்ச எண்ணெய் விடியுமட்டும் காணுமெண்டு நினைச்சன். வந்து பாத்தா சுவாலை நூந்து கிடக்குது. எண்ணெய் வாங்கி ஊத்திக் கொளுத்திப்போட்டுத்தான் பிறிச்சின்ர கதவைத் திறந்தனான்."

"வெக்கையில பழுதான மருந்து உள்ளுக்கு இருந்திருந்தா, பிள்ளையளுக்குக் குடுத்திருப்பியளோ?"

"தெரியேல்லை ஐயா."

கரையில் வல்லிபுரத்தின் மீன் வள்ளத்துக்குள் அம்புறோஸ் குந்தியிருந்தார். மீனுக்கு வைத்த ஐஸ் கட்டிகளின் நடுவே மருந்துப் பெட்டி புதைந்திருந்தது. தில்லைநாதன் மூடியைத் திறந்து தொட்டார். விரல் விறைத்தது.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அண்ணை?"

"நூந்து கிடந்ததைச் சொன்னா மிஸியின்ர வேலை போயிடுமெல்லோ? ஆறுதலாக் கொண்டுவந்து வைப்பமெண்டு இருந்தனான். யோகம்மா எப்பிடி?"

"மிஸி சொன்னவ, தாயும் பிள்ளையும் சுகமாம்."

அம்புறோஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

தில்லைநாதன் நடந்ததை மேலே அறிவிக்கத்தான் செய்தார். கூடவே, மருந்தகத்துக்கு இன்னொரு கான் எண்ணெய் வேண்டுமென்றும் கேட்டார். சரோஜினிதேவிக்குக் கண்டிப்பு வந்தது, வேலை போகவில்லை.

அன்று மருந்து கொடுத்து முடிய மத்தியானமாயிற்று. அம்புறோஸ் கன்னத்தை அமத்திப் பிடிக்க, சரோஜினிதேவி சொட்டு விட்டார். கைப்பில் முகம் சுழித்து அழுத அந்தப் பிள்ளைகள் பாரிசிலும் கனடாவிலும் இன்றைக்கு நடந்து திரிகிறார்கள்.