நாற்பதாவது குண்டூசி

முப்பத்தொன்பதுதான் இருந்தது.

குடுக்கை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். தகர டப்பாவில் இருந்த குண்டூசிகளைத் தரையில் கொட்டி, ஐந்தைந்தாக அடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஏழு வரிசை முழுசாக வந்தது. எட்டாவது வரிசையில் நான்கே நான்கு.

நாற்பது இருக்க வேண்டும். நேற்று அவள்தான் அம்மாவிடம், "நாப்பதும் சரியா இருக்கும்மா" என்று சொன்னாள். எண்ணிப் பார்க்காமலே சொன்னாள்.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

குடுக்கை என்பது அவளுடைய பெயர் இல்லை. அவசரக்குடுக்கை என்பது அண்ணன் வைத்த பட்டம். அதையும் முழுசாகச் சொல்லப் பொறுமையில்லாமல் வீட்டில் எல்லோரும் பாதியாக வெட்டிவிட்டார்கள். அவளுக்குப் பத்து வயது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் எப்போதும் நிற்பாள். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்பதற்குள் போய்விட்டு வந்திருப்பாள்.

அந்த வீட்டில் ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்குவதற்குள் போர்வை தைத்துவிடுவார்கள். பழைய சட்டை, பழைய புடவை, பாவாடை எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து, அண்ணன் அட்டையை அளவு வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டுவான். அம்மா அந்தத் துண்டுகளை ஒட்டித் தைத்து ஒரே விரிப்பாக்குவாள். அப்பா ரொட்டி வண்டி ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஞ்சு பரப்புபவர். எங்காவது மேடு பள்ளம் இருந்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அடியில் ஒரு முழுத் துணி, நடுவில் பஞ்சு, மேலே துண்டுத் துணி. இந்த மூன்றும் நகராமல் இருக்கக் குண்டூசி குத்த வேண்டும். அதுதான் குடுக்கையின் வேலை.

நாற்பது குண்டூசி. அம்மா ஒவ்வொரு வரிசையாகத் தைத்துக்கொண்டு வர வர, குடுக்கை அந்த வரிசை ஊசிகளை உருவி டப்பாவில் போடுவாள். கடைசியில் எண்ணி, கணக்கைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் அம்மா போர்வையை மடிப்பாள். அதற்கு முன்னால் யாரும் அதன்மேல் உட்காரக்கூடக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

நாலு பேருக்கு நாலு போர்வை. நாலு பேரின் துணியிலும் மிச்சம் எடுத்து ஐந்தாவதாக ஒன்று தைப்பார்கள். அது வீட்டில் தங்காது. போன வருஷம் தபால்காரருக்குப் போனது. அதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கூடக் காவலாளிக்கு. இந்த வருஷம் அடுத்த தெரு எலக்ட்ரீஷியன் வீட்டுக் குழந்தைக்கு. பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது.

நேற்றுச் சாயங்காலம் கடைசி ஊசியை உருவும்போது, பின்பக்கம் விறகுக் கொட்டகையில் பூனை குட்டி போட்டிருப்பதாக அண்ணன் கத்தினான். அவ்வளவுதான். வாயில் வந்த கணக்கைச் சொல்லிவிட்டுக் குடுக்கை பறந்துவிட்டாள். இன்று காலை அம்மா போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும், "ஊசியெல்லாம் துருப்பிடிக்காம எண்ணெய்த் துணியால துடைச்சு எடுத்து வை" என்றாள். துடைக்க உட்கார்ந்தபோதுதான் இந்த முப்பத்தொன்பது.

குடுக்கை தையல் மெஷினுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். பாயை உதறினாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்து நூல் குப்பையைக் கிளறினாள். தன் பாவாடை விளிம்பைத் தடவினாள்.

"என்ன தேடுறே?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததைத் தேடினா எப்படிக் கெடைக்கும்?"

வேறு நாளாக இருந்தால் அவன் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். இன்று அவளுக்குக் கை எழவில்லை.

ஊசி வேறெங்கும் இல்லை என்றால் போர்வைக்குள்தான் இருக்கிறது. பஞ்சுக்குள் புகுந்து படுத்திருக்கிறது. போன வாரம் அவள் விரலில் ஒன்று குத்தியபோது மணி போல ரத்தம் வந்தது; அரை மணி நேரம் அழுதாள். அந்தப் பாப்பாவின் விரல் எவ்வளவு பெரிசு இருக்கும்? அவனுடைய காதே அவள் கட்டைவிரல் அளவுதான். அவனுக்கு வலிக்கிற இடத்தைக் காட்டக்கூடத் தெரியாது.

அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குடுக்கை நாலு படி ஏறினாள். மேலே அம்மா ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அம்மா நல்ல மனநிலையில் இருக்கிறாள். அதைக் கெடுக்கக் குடுக்கைக்கு மனம் வரவில்லை. நாலு படியும் இறங்கினாள். நாமே போய்ப் போர்வையை வாங்கிவந்து ஊசியை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லையே என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த தெரு திரும்பும்போதே குழந்தை அழும் சத்தம் கேட்டது. வீறிட்ட அழுகை. குடுக்கையின் கால்கள் தெருவோடு ஒட்டிக்கொண்டன. குத்திவிட்டதா? இப்போதுதான் குத்தியதா? திரும்பி வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அதற்குள் அழுகை நின்றது. நின்றது அதைவிடப் பயமாக இருந்தது.

கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே ஒயர் சுருள்களும் பழைய மின்விசிறிகளும் சுவரோரம் குவிந்திருந்தன. பாப்பாவின் அம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"வா வா. மெதுவா வா. இப்பத்தான் பால் குடிச்சுட்டுத் தூங்கினான். பசின்னா இப்படித்தான் ஊரையே கூட்டிடுவான்."

கட்டிலின் நடுவில் புதுப் போர்வை இரண்டாக மடித்து விரித்திருந்தது. அதன்மேல் பாப்பா மல்லாந்து கிடந்தான். பசிக்கான அழுகைதான். குடுக்கைக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"அக்கா, அந்தப் போர்வையை அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஒரு தையல் விட்டுப் போச்சாம்."

"இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தே? ஒரு தையல்தானே, நாளைக்குத் தரேன்னு சொல்லு. இவனை இப்ப அசைச்சா அவ்வளவுதான், என் இடுப்பு ஒடிஞ்சுடும்."

"இல்லக்கா, இப்பவே வேணுமாம்."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ உக்காரு."

பாப்பா தூக்கத்தில் முனகினான். தலையை இந்தப் பக்கம் திருப்பினான். கையை உயர்த்திப் போர்வையின்மேல் போட்டான். அவன் ஒவ்வொரு தடவை அசையும்போதும் குடுக்கைக்குத் தன் உடம்பெல்லாம் குத்துவது போல இருந்தது. விட்டுப்போன தையலுக்காக யாரும் தூங்குகிற குழந்தையைத் தூக்க மாட்டார்கள். எதற்குத் தூக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் இந்த அக்கா இனி தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்றும் தெரியும்.

பாப்பா முழங்காலை மடக்கினான். அடுத்து ஒரு உதை விடப் போகிறான்.

"அக்கா, அவனைத் தூக்குங்க. அதுக்குள்ள ஒரு குண்டூசி இருக்கு."

பாப்பாவின் அம்மா எப்படி எழுந்தாள், எப்படிக் கட்டிலுக்குப் போனாள் என்று குடுக்கைக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி பாப்பா அவள் தோளில் இருந்தான். தூக்கம் கலைந்து அலறினான். அவள் அவனுடைய சட்டையைக் கழற்றி, முதுகு, தொடை, உள்ளங்கால் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"ஏன் மொதல்லயே சொல்லல?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் குடுக்கைக்கு அழுகையை வரவழைத்தது.

"நான் எண்ணல அக்கா. எண்ணாமலே சரியா இருக்குன்னு சொல்லிட்டேன். பூனைக்குட்டி பாக்கப் போயிட்டேன்."

பாப்பாவின் அம்மா ஒரு கையால் அவனை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் போர்வையை அமுக்கிப் பார்க்கப் போனாள்.

"வேண்டாம்க்கா, கையில ஏறிடும்." குடுக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்தி, மேலே இருந்த ஊசியை டீச்சர் நடக்க வைத்தது ஞாபகம் வந்தது. "மாமாகிட்ட காந்தம் இருக்கா?"

காந்தம் இருந்தது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய, தட்டு மாதிரி வட்டமான, கனமான காந்தம். குடுக்கை போர்வையைத் தரையில் முழுசாக விரித்தாள். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை ஆக வேண்டும் என்று அம்மா பெரிதாகவே தைத்திருந்தாள். மூலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துண்டாக, காந்தத்தை மெதுவாக இழுத்தாள்.

அப்பாவின் காக்கிச் சட்டை. ஒன்றுமில்லை. அம்மாவின் பச்சைப் புடவை. ஒன்றுமில்லை. அவளுடைய மஞ்சள் பாவாடை. ஒன்றுமில்லை. பாப்பா அழுதுகொண்டே இருந்தான். வேகமாக இழுக்கச் சொல்லி அவள் கை கெஞ்சியது. வேகமாக இழுத்தால் ஊசி தப்பிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது வரிசையில், அண்ணனின் கட்டம் போட்ட சட்டைத் துண்டில், 'டிக்' என்று ஒரு சத்தம். துணி காந்தத்தோடு சேர்ந்து எழுந்தது. அதன் நடுவிலிருந்து கூர்முனை வெளியே எட்டிப் பார்த்தது. பாப்பாவின் கழுத்து இருந்த இடத்திலிருந்து அது நாலு விரல்கூடத் தள்ளி இல்லை.

இருவரும் அதையே பார்த்தார்கள். குடுக்கை ஊசியை உருவிக் காந்தத்தில் ஒட்ட வைத்துவிட்டு, மிச்சமிருந்த மூன்று வரிசையையும் பார்த்து முடித்தாள். பிறகு போர்வையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் பார்த்தாள். வேறொன்றும் இல்லை.

"அக்கா, இப்ப இல்ல. படுக்க வைக்கலாம்."

பாப்பாவின் அம்மா பாப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "கோவம் இல்லம்மா. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. அது அங்கேயே இருக்கட்டும்."

குடுக்கை வீட்டுக்கு நடந்தாள். இந்தத் தடவை ஓடவில்லை; ஓடினால் சீக்கிரம் போய்விடுவோமே என்று பயம். மாடிப்படி அத்தனையும் ஏறி, ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்று, ஒன்று விடாமல் சொன்னாள்.

அம்மா கையிலிருந்த சட்டையை நழுவவிட்டாள். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்றெல்லாம் குடுக்கை நினைத்து வைத்திருந்தாள். அம்மாவின் முகம் வெளுத்துப் போகும் என்று நினைக்கவில்லை.

"நீ சொன்னதை நம்பித்தானே மடிச்சேன்" என்றாள் அம்மா.

அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது குடுக்கைக்கு.

இருவரும் எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனார்கள். பாப்பா தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தான். போர்வை இன்னும் தரையிலேயே கிடந்தது, யாரும் தொடாமல்.

"நான் இதை எடுத்துட்டுப் போறேன். வேற தைச்சுத் தரேன்" என்றாள் அம்மா.

"வேற தைச்சாலும் இதே பயம்தானே அக்கா" என்றாள் பாப்பாவின் அம்மா. "தப்பா நெனைக்காதீங்க."

குடுக்கை போர்வையைப் பார்த்தாள். ஊசி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? நேற்றும் அவள்தானே சொன்னாள். அவளுக்கே இப்போது லேசாகச் சந்தேகம் வந்தது. காந்தம் ஏதாவது ஒரு மூலையைத் தாண்டியிருந்தால்?

செருப்பைக் கழற்றினாள். போர்வையின் ஓரத்தில் படுத்தாள்.

"என்னடி பண்றே?" என்றாள் அம்மா.

"நான் மொதல்ல படுத்துப் பாக்கறேன்."

கன்னத்தைத் துணியில் அழுத்தி வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு புரள் புரண்டாள். இப்போது குத்தும், இதோ குத்தப் போகிறது என்று நினைத்துக்கொண்டே அடுத்த புரள். வெறும் கை, வெறும் கால், கழுத்து எல்லாம் ஒவ்வொரு துண்டிலும் அழுந்தும்படி, மெதுவாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை புரண்டு போனாள். அங்கிருந்து இன்னும் அழுத்தித் திரும்பி வந்தாள். தலைமுடியெல்லாம் கலைந்து முகத்தில் விழுந்தது.

"ஒண்ணும் குத்தலக்கா. நெஜமா குத்தல." படுத்தபடியே சொன்னாள். "வேணும்னா இன்னொரு தடவை உருள்றேன்."

பாப்பாவின் அம்மா குனிந்து அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். பாப்பாவை மெதுவாக இறக்கி, குடுக்கையின் பக்கத்தில், கட்டம் போட்ட துண்டின் மேலேயே கிடத்தினாள்.

பாப்பா இரண்டு தடவை காலை உதைத்தான். ஒரு பெரிய கொட்டாவி விட்டான். குடுக்கையின் சுண்டுவிரல் கைக்கு அகப்பட்டது; அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான்.

"எழுந்து வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள் அம்மா, கொஞ்ச நேரம் கழித்து.

குடுக்கை தலையைக்கூடத் திருப்பவில்லை.

"இரும்மா" என்று கிசுகிசுத்தாள். "அசைஞ்சா முழிச்சுக்குவான்."