பெரட்டுக் களத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி

அக்கரப்பத்தனை கடைத்தெருவில் நூர்தீன் துணிக்கடையைப் பூட்டப் போன நேரத்தில் தேயிலைத் தோட்டத்து மரியநாயகி நனைந்தபடி உள்ளே வந்தாள்.

"மொதலாளி, எங்க வீட்டுக்காரரு டக்ளஸ வானத்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. காலையில லாரி வருது."

துணி மடித்துக்கொண்டிருந்த றம்ஸியா எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வந்தாள். சிக்கலை அவிழ்ப்பதில் நூர்தீன் கெட்டிக்காரர்தான். ஆனால் ஆர்வமெல்லாம் அவர் மனைவிக்கு.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட கையோடு வேற்றுலகத்திலிருந்து வானத்தார் இறங்கினார்கள். தமக்குள் அடித்துக்கொண்டிருந்த தேசங்கள் ஒன்றாகச் சேர்ந்து அவர்களை வீழ்த்தின. தப்பியவர்கள் மனித உருவில் மலைநாட்டில் கலந்தார்கள். அவர்களுடைய வாரிசுகளை அரசாங்கம் இன்றைக்கும் தேடிப் பிடித்து லாரியில் ஏற்றுகிறது. அடையாளம் ஒன்றே ஒன்று: அவர்கள் மூச்சில் சூடு கிடையாது, குளிரில் வாயில் புகை வராது. சுடுதண்ணி குடித்துவிட்டு ஊதினால் அவர்களுக்கும் வரும். அதனால் ஊதிக் காட்டினால் யாரும் நம்புவதில்லை. அசந்த நேரத்தில் பார்த்த சாட்சிதான் செல்லும். பிடிபட்டவன் திரும்ப மாட்டான். குடும்பமும் தோட்டத்து லய வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.

"யாரு பார்த்தது?" என்றார் நூர்தீன்.

"பெரிய கணக்கப்புள்ள அழகுமுத்து. ஃபெக்டரி டிரையர் ரூம்ல பேசிக்கிட்டு இருந்தப்ப, இவரு வாயில பொகையே வரலையாம்."

"ரெண்டு பேருக்கும் பகையா?" றம்ஸியா முந்திக்கொண்டாள்.

"இல்லக்கா. கொஞ்ச நாளா கணக்கப்புள்ள இவரோட ரொம்ப ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு. எந்நேரமும் கையில பிளாஸ்க்கு. இவருக்கும் சுடுதண்ணி ஊத்திக் குடுப்பாரு."

"காலையில டக்ளஸ் வாயில பொகை வருமா?"

"வரும்." மரியநாயகியின் குரல் இறங்கியது. "வரும்னுதான் நெனைக்கிறேன். அதையெல்லாம் யாரு மொதலாளி பார்த்துக்கிட்டு இருப்பா?"

அவள் போனதும் றம்ஸியா கதவைச் சாத்தினாள். "கட்டுன பொண்டாட்டிக்கே நிச்சயம் இல்ல. எனக்கு அந்த டக்ளஸ் மேலதாங்க சந்தேகம்."

"டிரையர் ரூம்ல நீ நின்னிருக்கியா?"

"அந்த வேக்காட்டுல யாரு நிப்பா?"

நூர்தீன் சிரித்தார். "நாளைக்கு அந்த பிளாஸ்க்க எப்படியாவது காலி பண்ணிடு."

விடிந்தபோது, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் நிறைந்திருந்தது. கூப்பிட்ட பெயர்களுக்குப் பதில் சொன்ன ஒவ்வொரு வாயிலிருந்தும் புகை எழுந்தது. லாரியருகே கைகட்டப்பட்டு நின்ற டக்ளஸின் வாயிலும் வந்தது. "சுடுதண்ணி குடிச்சிருப்பான்" என்றார் லாரியோடு வந்த அதிகாரி.

றம்ஸியா தலைவலி மாத்திரையைக் காட்டி அழகுமுத்துவின் பிளாஸ்க்கைக் கேட்டு வாங்கினாள். மாத்திரைக்கு ஒரு வாய் போக, மிச்சத்தில் முகமும் கழுவிக்கொண்டாள். கணக்கப்பிள்ளையின் முகம் கறுத்தது.

அவர் வாயிலிருந்த சூடு ஆறும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த நூர்தீன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இந்தக் கறை போகவே மாட்டேங்குது. கொஞ்சம் நல்லா ஊதித் துடைச்சுக் குடுங்க கணக்கப்புள்ள. என் கை குளுர்ல நடுங்குது."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லாமல் அழகுமுத்து வாங்கி ஊதினார். கண்ணாடி மங்கவில்லை. இன்னொரு முறை ஊதினார். அப்போதும் அது தெளிவாகத்தான் இருந்தது.

அதிகாரி கிட்டே வந்தார்.

"டிரையர் ரூம் வேக்காட்டுல யாரு வாயிலயும் பொகை வராதுங்க" என்றார் நூர்தீன், அமைதியாக. "குளுர்லதான் வரும். வாயில பொகை வர்ற எல்லாருக்கும் அது தெரியும். கணக்கப்புள்ள, உங்களுக்கு ஒருநாளும் தானா வந்ததில்ல. அதனால மனுசனுக்கு எங்கயும் வரும்னு நெனச்சிட்டீங்க."

"அப்ப டக்ளஸுக்குச் சுடுதண்ணி குடுத்தது?" என்று கேட்டாள் றம்ஸியா.

"டிரையர் ரூம்ல பொகை வராததப் பார்த்து தன் ஆளுன்னு நம்பி, ஒளிய ஒதவி செஞ்சிருக்காரு. லாரி வருதுன்னு கேள்விப்பட்டதும், தான் தப்பிக்க அந்த ஆளையே காட்டிக் குடுத்துட்டாரு."

அழகுமுத்து டக்ளஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீ எங்க ஆளு இல்லையா?" என்றார். லாரியில் ஏற்றும்போதும் அதையேதான் கேட்டார். கட்டு அவிழ்ந்த கையைத் தேய்த்துக்கொண்டு டக்ளஸ் தலை குனிந்துகொண்டான்.

அடுத்த வாரம் நூர்தீனிடம் வாங்கிய சட்டைத்துணி ஒன்றைத் திருப்பித் தர வந்த டக்ளஸ் வீட்டு நிலவரத்தைச் சொன்னான். இப்போதெல்லாம் காலையில் தேத்தண்ணி கொடுக்கும் முன் மரியநாயகி அவனை வாசலில் நிறுத்துகிறாளாம். "ஒருக்கா ஊதுங்க" என்கிறாளாம்.

"நீ என்ன செய்வ?" என்று கேட்டார் நூர்தீன்.

"ஊதுவேன் மொதலாளி." டக்ளஸ் துணியை மேசையில் வைத்தான். "அப்புறம் அவளையும் ஊதச் சொல்லுவேன்."