கைப்பிடியில் தடவிய களிம்பு

கொதிநீரில் போட்டெடுத்துக் கவிழ்த்து வைத்திருந்த பால்புட்டி நிமிர்ந்து நின்றது.

காற்றடித்தால் புட்டி விழும், எழுந்து நிற்குமா? வீட்டில் நடமாடுகிற ஆள் அவள் ஒருத்திதான். வேன் ஓட்டுகிற கணவன் இரண்டு நாளாக வாந்தியும் பேதியுமாகப் பின்னறையில் சுருண்டு கிடக்கிறான். பத்து மாதக் குழந்தைக்கு இன்னும் நடக்கவே தெரியாது. அப்புறம் யார்?

மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கைகழுவக் கற்றுத்தரும் நர்ஸ் அவள். சோப்பு டீச்சர் என்று பட்டப்பெயர். வலது சுண்டுவிரல் பாதிதான். சின்ன வயதில் கதவிடுக்கில் போனது. "எனக்கே ஒன்பதரை விரல். அந்த அரையையும் விடாம தேய்க்கிறேன், உங்களுக்கு என்ன கேடு?" என்று வகுப்பைச் சிரிக்க வைப்பாள். வீட்டில் இப்போது சிரிப்பில்லை. போன மாதம் இதே வயிற்றுக் கிருமிதான், இதே பத்து மாத வயதுதான், காலையில் கையைத் தட்டி விளையாடிய ஒரு குழந்தை மாலைக்குள் கண் குழிந்து, நாக்கு உலர்ந்து, வார்டில் அவள் கையிலேயே போய்விட்டது. அந்தத் தாயின் அலறல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. தன் குழந்தைக்கு மட்டும் இது ஒட்டவே கூடாது.

அதனால் வீட்டையே வார்டாக்கியிருந்தாள். அவனுக்குத் தனித் தட்டு, தனி வாளி, தனிக் கழிப்பறை. சானிடைசரை நம்பாமல் சோப்பும் தண்ணீரும். தரைக்கு பிளீச்சிங் கரைசல். வீடெங்கும் மூக்கை அறுக்கும் அந்த நெடி, அதற்கு அடியில் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் புளித்த வாடை. போதாக்குறைக்கு, வகுப்பில் காட்டுகிற களிம்பையும் கையுறை மாட்டிக்கொண்டு பின்னறைக் கைப்பிடியில் உள்ளும் புறமும் தடவியிருந்தாள். சும்மா பார்த்தால் தெரியாது. ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக மின்னும். அவள் கையுறையோடுதான் திறப்பாள், வாசலிலேயே கழற்றிப் போட்டுவிடுவாள். அவன் அப்படியா? கொஞ்சம் தெம்பு வந்தால் போதும், பூனை மாதிரி வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போவான். வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

பட்டப்பகல். திரைகளை இழுத்து மூடிவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள்.

குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, எங்கோ குழாய் சொட்டியது, பின்னறைக்குள்ளிருந்து முனகல் வந்து வந்து அடங்கியது. ஊதா வெளிச்சத்தில் கைப்பிடியிலிருந்து கிளம்பிய பச்சை, சுவரில் ஓர் உள்ளங்கையாகி, சமையலறை வாசல் நிலையில் இன்னொன்றாகி, குழாய்த் திருகில் விரல்களாகி, கடைசியில் பால்புட்டியின் கழுத்தை ஒரு முழுப் பிடியாகச் சுற்றியிருந்தது.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னறைக் கதவை முழங்கையால் இடித்தாள்.

"ஏங்க, வெளியே வந்தீங்களா?"

"எழுந்து உட்காரவே முடியல. நான் எங்கடி வரப்போறேன்?"

"பொய் சொல்லாதீங்க. சுவரெல்லாம் கை!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "நீதானே வந்து வந்து போற? இப்பக்கூட நெத்தியைத் தொட்டுப் பார்த்தியே. கிளவ்ஸ்கூட போடல. கை சில்லுன்னு இருந்துச்சு."

காலையிலிருந்து அவள் அந்த அறைக்குள் போகவே இல்லை.

விளக்கைச் சுவரருகே கொண்டுபோனாள். உள்ளங்கை. நான்கு விரல்கள் முழுசாக. சுண்டுவிரல் பாதி.

ஐயோ. தூங்கி இரண்டு நாளாகிறது. தூக்கக் கலக்கத்தில் நானேதானா? விளக்கைத் தன் கைகளில் அடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கிற களிம்பு அது. வகுப்பில் இதுவரை ஒருத்தர்கூடத் தப்பியதில்லை. அவள் நகக்கண் சுத்தமாக இருந்தது.

நிமிர்ந்தாள். சுவரில் இன்னொரு கை. சற்று முன் அது அங்கே இல்லை. அதைத் தாண்டி ஒன்று. அதையும் தாண்டி ஒன்று. எல்லாம் தொட்டில் பக்கமாக.

ஓடினாள்.

குழந்தை விழித்திருந்தது. கன்னம் சுத்தம். வாய் சுத்தம். அப்பாடா. விளக்கை இன்னும் அருகே கொண்டுபோனாள்.

குழந்தை சிரித்தது. அம்மாவுக்கென்றே வைத்திருக்கும் சிரிப்பு. ஆனால் அவளைப் பார்த்து இல்லை.

கன்னத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

இன்னொன்று.

மூன்று.

நான்காவது சற்றுத் தள்ளி, குட்டையாக.

"விடு!" விளக்கைத் தொட்டிலில் எறிந்துவிட்டுக் குழந்தையை வாரி மார்போடு அணைத்தாள். மெத்தையில் விழுந்த விளக்கு கீழிருந்து இருவர் மேலும் அடித்தது. குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டு வாயைத் திறந்தது. வெறும் காற்றைக் கவ்வியது. பசியோடு சப்பத் தொடங்கியது.

ஒவ்வொரு சப்பலுக்கும் உதட்டைச் சுற்றிப் பச்சை பரவிக்கொண்டே இருந்தது.