கல் சிலுவையின் நிழல்

அருணாதேவி கொண்டுவந்தது ஒரு காலண்டர். திருத்தங்கல் அச்சகத்து மேசையில் அதை விரித்து, கோட்டயம் நகரத்துத் தேவாலயப் படத்தின் ஓரத்தில் நின்ற ஓர் ஆளின்மேல் விரலை வைத்தாள்.

“இது எங்க வீட்டுக்காரரா இல்லையான்னு நீங்கதான் சார் சொல்லணும்.”

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஊர்க்காவலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காலைக் காப்பியும் வழக்கும் அவருக்கு அந்த அச்சகத்தில்தான். முதலாளி இசைவாணி கூப்பிடாமலே துப்பறிய வந்துவிடுகிறவள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“பட்டாசு லோடோட கேரளா போனாக,” என்றாள் அருணாதேவி. “மூணு வருசமாச்சு, ஆளு திரும்பலை. செத்துட்டாகன்னு காரியம் பண்ணச் சொல்றாரு கொழுந்தனாரு. இதுல ஜாடை அவுக ஜாடைதான். ஆனா வெடிமருந்து சுட்ட தழும்பு அவுகளுக்கு வலது கன்னத்துல. இந்தாளுக்கு இடது கன்னத்துல இருக்கு.”

“அப்ப ஆளு வேற,” என்று இசைவாணி முடித்துவிட்டாள். அவளுக்கு எதிலும் அவசரம்.

“படம் எப்ப எடுத்தது?” என்று இசைவாணியிடம் கேட்டார் ஊர்க்காவலன்.

“போன தை மாசப் பெருநாள்ல சார். அந்த ஆர்த்தடாக்ஸ் சர்ச்சுக்கு நாமதான் காலண்டர் அடிச்சோம். மணிக்கூண்டு புதுசு, போன வருசம் கட்டுனது. உள்ள பழைய மரக்கூரை, அந்தக் காலத்து ஓவியம். முகப்பை மட்டும் மூணு தடவை மாத்திக் கட்டிருக்காக. பலிபீடத்தை அசைக்கலை. கிழக்கே பாத்துத்தான் கும்பிடுவாக, வாசல் மேற்கே.”

ஊர்க்காவலன் படத்தையே பார்த்தார். மணிக்கூண்டுக் கடிகாரத்தில் எண்களுக்குப் பதில் கோடுகள். இரண்டு முள்ளும் உச்சியில் ஒட்டி நின்றன. வாசலுக்கு முன்னால் ஒரு கல் சிலுவை. அதன் குட்டை நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது.

“இசைவாணி, படத்தை இடவலமாத் திருப்பி அடிச்சிருக்கீக.”

“எப்படிச் சொல்றீக?”

“வாசலைப் பாத்து நின்னா எதிரே கிழக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு. தை மாசத்து உச்சி வெயில் தெக்க இருந்து சாஞ்சு அடிக்கும். நிழல் இடப்பக்கம்ல விழணும்? மணி பன்னெண்டா இருக்கப்போயி கடிகாரமும் காட்டிக்கொடுக்கலை.”

இசைவாணியின் முகம் சுருங்கியது. பெயர் போட இடம் போதாவிட்டால் படத்தைத் திருப்பிவிடுவது அந்த வட்டாரத்து அச்சகங்களில் சாதாரணம். கம்ப்யூட்டரில் அசல் படத்தைத் தேடித் திறந்து பெரிதாக்கினாள். தழும்பு வலது கன்னத்தில் இருந்தது.

“உயிரோடதான் இருக்காரும்மா,” என்றார் ஊர்க்காவலன். தாம் நல்ல செய்தி சொன்னதாகவே அவர் நினைத்தார்.

அருணாதேவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இல்லைன்னு சொல்லுவீகன்னு நெனச்சுத்தான் சார் வந்தேன். செத்துப்போயிருந்தா, என்னைய விட்டுட்டுப் போகலைன்னாவது இருந்திருக்கும்.”

அருணாதேவி கை நீட்டித் திரையில் அந்தக் கன்னத்தைத் தொட்டாள்.

“மெலிஞ்சுட்டாக,” என்றாள். பிறகு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். “கோட்டயத்துக்கு எங்கன சார் பஸ் ஏறணும்?”