இரண்டாவது கன்ட்ரோலர்

திரையின் மூலையில் இரண்டாவது ஆட்டக்காரருக்கான நீல அம்புக்குறி மின்னிக்கொண்டிருந்தது. மின்னவே கூடாது. இரண்டாவது கன்ட்ரோலர் கட்டிலின் மேல், வயர் சுருட்டிக் கட்டியபடி கிடந்தது. கேம் பெட்டியில் சொருகியிருந்தது ஒரே ஒரு வயர்தான், அதுவும் அவன் கையில் இருந்த கன்ட்ரோலருடையது.

அவன் தொழிலே வயரிங். தெருவே அவனை வயர்மேன் என்றுதான் கூப்பிடும். ஊருக்கெல்லாம் கரண்ட் இழுத்துக் கொடுக்கிறவனுக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி தண்ணி காட்டுவதா? கேசட்டைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி அழுத்தினான். ஃபுட்பால் மைதானம் கட்டம் கட்டமான பச்சையில் விரிந்தது. கூட்டத்தின் இரைச்சல், தகரக் கூரையில் மணலைக் கொட்டியதுபோல் கரகரத்தது. நீல அம்புக்குறி திரும்ப வந்து மின்னியது.

வெளியே சாயங்கால மழை. மூடிய ஜன்னல் வழியாக ஈரம் உள்ளே கசிந்து, அறையில் இன்னமும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த மருந்து நெடியையும் முகப்பவுடர் வாசனையையும் கிளப்பிவிட்டது. தம்பியின் அறை. தம்பி போய்ச் சேர்ந்த பிறகு இன்றைக்குத்தான் அறையைக் காலி செய்ய அவனுக்கு மனம் வந்தது. பெட்டி ஓடுகிறதா என்று ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தான். சமையலறையில் மனைவி பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் இந்த இரண்டாவது கன்ட்ரோலரைத்தான் அவன் தம்பியிடம் கொடுப்பான். வயரைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவிடுவான். தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு, உடம்பை வளைத்து வளைத்து அழுத்துவான். திரையில் கம்ப்யூட்டர் ஆடும் நீல அணியைத் தான்தான் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வான். "பாத்தியாண்ணா, நான் போட்ட கோலு!" ஒருநாள் ஒளித்துவைத்த வயர் நுனி தம்பியின் கைக்குத் தட்டுப்பட்டது. தம்பி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ ஒப்புக்குச் சப்பாணிடா," என்று அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தான். அன்றிலிருந்து வீட்டில் தம்பியின் பெயரே சப்பாணி ஆயிற்று.

வண்டியிலிருந்து விழுந்து தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகுதான் அந்தப் பெயரை எல்லோரும் விழுங்கிக்கொண்டார்கள்.

நீல அணி பந்தை உருட்டியது. கோல் பக்கம் போகவில்லை. அவனுடைய சிவப்பு ஆட்களை ஒவ்வொருவராகச் சுற்றி வளைத்து, நகர விடாமல் நின்றது. அவன் பட்டனை அழுத்தினான். சிவப்புக்காரன் அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான். ஊஹூம். குனிந்து தன் வயரைத் தடவிப் பார்த்தான். நன்றாகத்தான் சொருகியிருந்தது.

வயரில் குறையில்லை. அது அவனுக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தியது.

படுக்கையில் கிடந்த தம்பி ஆளைக் கூப்பிட ஒரு அழைப்பு மணி, அதையும் அவன்தான் போட்டுக்கொடுத்தான். தம்பியின் கைக்கெட்டும் தூரத்தில் பட்டன், மணி இவர்கள் படுக்கும் அறையில். தண்ணீர் வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், சளி அடைக்கிறது என்று அது ஓயாமல் அடிக்கும். ஒரு ராத்திரி உடம்பு அசதியில் எரிச்சல் பொங்கி, மணியின் வயரை உருவிவிட்டுப் படுத்தான். நல்ல தூக்கம். காலையில் தம்பியின் கட்டைவிரல் பட்டன்மேலேயே விறைத்திருந்தது. நம்ம நல்லவன் முதலில் என்ன செய்தான்? வயரைத் திரும்ப மாட்டினான். அப்புறம்தான் அழுதான். மனைவியின் கண்முன்னே பட்டனை அழுத்தி, "மணி நல்லாதானே வேலை செய்யுது, உனக்குக் கேக்கலையா?" என்றும் கேட்டான்.

அன்று முதல் அவள் தூங்குவதில்லை. பாதிச் சோற்றில் கை நின்றுவிடும். "மணி அடிச்சும் எழுந்திரிக்காத பாவி நான்," என்பாள். அவன் தன் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துபோவான்.

"என்னங்க."

தூக்கிவாரிப்போட்டது. மனைவி வாசற்படியில் நின்றாள், ஈரக் கையோடு.

"மணி அடிச்சுதே. கேட்டுச்சா?"

"மணியா? அதைத்தான் அன்னைக்கே கழட்டிப் போட்டாச்சே."

"தெரியும். ஆனா அடிச்சுது." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கும் இப்படித்தான் விடாம அடிச்சிருக்கும், இல்ல? நான்தான் மரக்கட்டை மாதிரி கிடந்துட்டேன்."

டிவியில் கூட்டத்தின் இரைச்சல் நின்றது. நீல ஆட்கள் எல்லோரும் பந்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். முகமில்லாத கட்டங்கள். அத்தனையும் அவனைப் பார்த்து நின்றன. சொல்லிவிடு என்று நிற்பதுபோல் இருந்தது. ஒரு வார்த்தைதான். நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமா, நீதான் அசந்து தூங்கிட்ட," என்றான். "போனதைப் பேசி என்ன ஆகப்போகுது? போ, போய் வேலையைப் பாரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

விசில் ஊதியது. டிவியிலிருந்து இல்லை. கட்டில் பக்கமிருந்து.

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. தொடையைக் கிள்ளினான். உணர்வு இல்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினான். யாருடைய தொடையோ. இடுப்புக்குக் கீழே அவன் இல்லை.

கூப்பிட வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. மூச்சுக்காற்று மட்டும்.

டிக்.

கட்டிலில் கிடந்த கன்ட்ரோலரின் ஒரு பட்டன் உள்ளே போய் வெளியே வந்தது. பக்கத்தில் மெத்தை குழிந்திருந்தது. ஓர் ஆள் அளவுக்கு.

டிக்.

அவன் இடது கால் நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை.

டிக். டிக்.

உடம்பு எழுந்து நின்றது. தள்ளாடியது. ரொம்ப நாள் கழித்து நிற்கிறவன் நிற்பதுபோல். ஒரு அடி. நின்று ரசித்தது. இன்னொரு அடி. வேண்டாண்டா, வேண்டாம், என்று அவன் உள்ளே கதறினான். நெற்றிக்குள்ளேயே அது முட்டி நின்றது. பின்னால் டிக், டிக், டிக். உடம்பு வாசலைத் தாண்டியது. ஓடக்கூடப் பார்த்தது.

சமையலறை. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி திரும்பிப் பார்த்தாள்.

அவன் வாய் திறந்தது. அவன் குரல்தான்.

"அண்ணி."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

"அந்த மணி அன்னைக்கு அடிக்கவே இல்ல அண்ணி. அண்ணன் வயரை உருவிட்டான். நான் விடிய விடிய அழுத்தினேன். உங்க மேல தப்பே இல்ல."

அவள் பக்கத்தில் வந்தாள். கணவனின் முகத்துக்குள் வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்றான், நம்பாதே, நான் இங்கே இருக்கேன், இங்கே, கண்ணைப் பாரு! என்று அவன் உள்ளே முட்டினான். அவன் கண்கள் நிறைந்து வழிந்தன. அவளுக்கு அது தெரிந்தது. எல்லாமே தெரிந்தது.

"தம்பி?"

உள்ளறையில் டிக். அவன் தலை ஆடியது, ஆமாம் என்று.

அவள் அலறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருப்பா. எவ்வளவு நேரமா நிக்கிற." டம்ளரில் டீயை ஊற்றி ஆற்றி, முன்னால் வைத்தாள். பிறகு தம்பியின் அறைக்குப் போனாள். அந்தக் கன்ட்ரோலரை, யாரும் மிதித்துவிடாதபடி, இரண்டு கையாலும் பத்திரமாக எடுத்தாள். அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பூட்டிய அலமாரிக்குள் டிக் என்றது. அவன் கை டம்ளரை எடுத்தது.