நலம் விசாரிக்கும் நேரம்

நிலாக் குடியிருப்பில் பக்கவாதம் வந்தவர்களை மறுநாள் காலையிலேயே எழுப்பி நிறுத்திவிடுவார்கள். அதற்கென்றே தசைக்காவலன் என்ற ரோபோ உண்டு. இடுப்பைப் பிடித்துத் தூக்கும், செயலிழந்த காலை மடக்கி நீட்டும், முனகினால் காதில் வாங்காது. படுத்தே கிடந்தால் முதல் வாரத்திலேயே தசை கரையும். ஈர்ப்பு குறைந்த நிலாவில் இன்னும் வேகமாகக் கரையும். இது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

செங்கமலம் தண்ணீர் லாரி டிரைவர். நிலாவின் தென்துருவத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றி வருவாள். வலது கை கால் விழுந்த அன்று, குழறிய வாயால் அவள் கேட்டது ஒன்றுதான்: மறுபடி லாரியில் ஏற முடியுமா? பதினான்கு நாள் விடாமல் பயிற்சி செய்தால் ஏறலாம் என்றார் டாக்டர்.

அதற்குள் பூமியிலிருந்து சொந்தக்காரர்கள் ஒளியுருவாக நலம் விசாரிக்க வந்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேர். பயணச் செலவில்லாத பாசம் அல்லவா, பொங்கி வழிந்தது. ஆனால் நோயாளி எழுந்து நிற்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

"நல்லாத்தானே நிக்கிறா, இதுக்கா அத்தனை பேருக்கும் சொல்லி அனுப்பினே?" என்று நாத்தனார் முகம் சுளித்தார்.

கணவன் அறவாழிக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் ரோபோவை நிறுத்தினான். மனைவியைப் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்த்தினான். மணியோ நாள் முழுக்க அடித்தது.

"எந்... எந்திரிக்கணும்," என்றாள் அவள்.

"பேசாம படு. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

பதினைந்தாம் நாள் டாக்டர் நிற்கச் சொன்னார். கால் துவண்டு மடங்கியது. செங்கமலம் அழுதாள். சொந்தக்காரர்கள் அசரவில்லை. அந்த இரும்புப் பயல் போட்டுப் படுத்தியதால்தான் இந்தக் கதி, ஓய்வெடுக்க விட்டிருந்தால் இந்நேரம் நடந்திருப்பாள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அறவாழி ரோபோமீது புகார் எழுதிக் கொடுத்துவிட்டு மனைவியை வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

அங்கேயும் கவனிப்புக்குக் குறைவில்லை. தினமும் காலையில் அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டு, வாசலில் நிற்கும் அவள் லாரியைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டான். ஓட்ட ஆளில்லாத லாரியை எதற்குக் கிளப்புகிறாய் என்று ஒருநாள் தட்டுத் தடுமாறிக் கேட்டாள்.

அவன் போர்வையைச் சரிசெய்தபடி சிரித்தான். "சும்மா போட்டு வெச்சா எல்லாம் இறுகிப் போய் வீணாயிடும். டிரைவர் நீ, உனக்கா சொல்லணும்?"